நெடுஞ்சாலையில் விரித்த பாவு

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே செய்தியை நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். "போலீசார் வாகன சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, அவ்வழியே சந்தேகத்திற்கு இடமான வகையில் வந்த இருசக்கர வாகனத்தை மறித்து விசாரித்தனர். அதில் வந்தவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்ததால்..." என்று அது போகும். ஊரும் வண்டியும் பிடிபட்ட பொருளின் எடையும் மட்டும் மாறும். ஒற்றுப் பிழை இருந்தால் சரிசெய்வேன். இடம் பற்றாத நாட்களில் 'அவ்வழியே'யை எடுத்துவிடுவேன். சந்தேகத்திற்கு இடமான வகை என்பது எந்த வகை என்று ஒரு செய்தியாளரிடமும் நான் திருப்பிக் கேட்டதில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு நானே அந்த வகையில் பயணம் செய்தேன். பின் இருக்கையில்.

வண்டியை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். அம்மையார்குப்பத்தில் வீட்டிலேயே தறி வைத்திருக்கும் பட்டு நெசவாளி. நான் திருத்தணியில் குடியிருந்து, பிற்பகல் ரயிலில் சென்னைக்குப் போய்ச் செய்தி மேசையில் உட்கார்கிறவன். வார விடுமுறை நாளில் எனக்கு வேலை எதுவும் இருக்காது என்று மாமா உறுதியாக நம்புகிறார். அன்று நகரிக்குப் போய் ஒரு மூட்டையை வாங்கிவர வேண்டும், மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்.

மூட்டைக்குள் இருந்தது பாவு. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை வரிசை தப்பாமல் சேர்த்து, மூன்று புடவைக்கு ஆகும் நீளத்தில் தயாரித்து, சாயம் தோய்த்துச் சுருட்டி வைத்திருப்பார்கள். மாமா வாழ்நாளில் நெய்த பாவுகள் எல்லாம் யார் யார் கல்யாணத்துக்கோ போயிருக்கின்றன. இது அவர் மகள் கல்யாணத்துக்கு. வைகாசியில் திருத்தணி மலையில் முகூர்த்தம். முதல் புடவை மகளுக்கு, இரண்டாவது அக்காவுக்கு. மூன்றாவது யாருக்கு என்பது பற்றி இரண்டு வீட்டிலும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் மகள். சாயக்காரர் கைப்பேசியில் அனுப்பிய நான்கு மாதிரிகளை அவள் தள்ளிவிட்டாள். கடைசியில், மாம்பழம் பழுப்பதற்கு ஒரு நாள் முன்னால் இருக்கும் மஞ்சள்தான் வேண்டும் என்றாள். நகரிச் சாயக்காரர் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி அலுத்துக்கொண்டு அந்த நிறத்தை வரவழைத்தார்.

வழக்கமாகச் சாயம் ஏற்றிய பாவைக் காலையில் தெருவில் நீளமாக விரித்து, இழையைச் சீராக்கி, உலர்த்துவார்கள். தெருவே பார்க்கும். ஆனால் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கான பாவைத் தறியில் பிணைக்கும்வரை வெளிக் கண்ணில் காட்டக் கூடாது என்று மாமாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யாராவது கேட்டாலும் இன்னது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நகரியில் அந்தச் சாயக்காரர் தெருவிலேயே மாப்பிள்ளையின் சித்தப்பா வேறு குடியிருந்தார். அதனால் கொட்டகைக்குள்ளேயே உலர்த்திச் சுருட்டிவிடச் சொல்லியிருந்தார் மாமா. அன்று நுனியை மட்டும் இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு அக்காவின் பழைய புடவை ஒன்றைச் சுற்றி, அதன் மேல் வேட்டி, அதன் மேல் உரச்சாக்கு என்று மூன்று அடுக்காகக் கட்டி என் மடியில் வைத்தார். கைக்குழந்தையை ஏந்துவதைப் போல ஏந்திக்கொண்டேன். தலைக்கவசம் போட்டால் குனிந்து மூட்டையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் மாமா. தன்னுடையதை மறக்காமல் போட்டிருந்தார்.

ஆந்திர எல்லையைத் தாண்டி, ஊருக்குள் திரும்பும் வளைவில் இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு எஸ்.ஐ., ஒரு கான்ஸ்டபிள். எதிரே ஒரு டீக்கடை, அதை ஒட்டி ஒரு பூக்காரம்மாவின் கூடை. அன்று கிருத்திகை. மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, ஒரே வண்டியில் மூன்று பேர், நான்கு பேர் என்று போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. சந்தனம் காயாத தலைக்குத் தலைக்கவசம் கேட்கிற போலீஸ்காரர் எங்கள் ஊரில் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. என் தலையில் முடியும் இருந்தது, கவசமும் இல்லை. கான்ஸ்டபிள் கையைக் காட்டினார்.

உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. கையடக்க இயந்திரத்தில் எனக்கான அபராதத்தைப் போட்டார்கள். அது நியாயம்தான், கட்டிவிட்டேன். புறப்படும் நேரத்தில் கான்ஸ்டபிள் கேட்டார்.

"மடியில இன்னா?"

"ஒன்னுமில்ல சார்," என்றார் மாமா.

"ஒன்னுமில்லாததுக்கா மூணு கட்டு?"

"வூட்டு சாமான் சார்."

"இன்னா சாமான்?"

"துணி."

கான்ஸ்டபிள் மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். "துணி மாரி தெரியலியே."

"நூலு சார்."

அரை நிமிடத்தில் நான்கு பதில்கள். என் மேசைக்கு வந்திருந்தால் 'முன்னுக்குப் பின் முரணாக' என்பதில் கைவைக்காமல் அச்சுக்கு அனுப்பியிருப்பேன். பேச்சைக் கேட்டு எஸ்.ஐ. வந்தார். முப்பது வயதுக்காரர். குரலை உயர்த்தவில்லை.

"அவுத்துக் காட்டுங்க."

"அவுக்கக் கூடாது சார்," என்றார் மாமா. சொல்லிக்கொண்டே என் மடியிலிருந்து மூட்டையை எடுத்துத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தார். இதைவிடச் சந்தேகத்திற்கு இடமான வகையில் ஒரு மனிதர் ஒரு மூட்டையைப் பிடிக்க முடியாது.

நான் குறுக்கிட்டேன். "சார், ஹெல்மெட் போடாதது நான். அபராதம் கட்டிட்டேன். பேப்பர் எல்லாம் பாத்துட்டீங்க. மூட்டையைச் சோதனை போடணும்னா வாரன்ட் வேணும்."

"வக்கீலா நீங்க?"

"இல்ல. பத்திரிகை," என்றேன், குரலைத் தாழ்த்தி. எங்கள் பக்கம் ஆட்டுக்கறிக்கடைக்காரர், போர்வெல் ஏஜென்ட் உட்பட வண்டி வைத்திருக்கும் பலர் அந்தச் சொல்லை நம்பர் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். எஸ்.ஐ. எங்கள் பலகையைப் பார்த்தார். அதில் எண் மட்டும்தான் இருந்தது. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியதாகத் தோன்றியது.

"வாரன்ட்டு வீட்டுக்கு சார்," என்றார். "ரோட்டுல போற வண்டிக்கு, தப்பான பொருள் இருக்குதுன்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தா போதும். காரணம் இன்னான்னு கேக்கலாம். கேட்டா சொல்லுவேன். தகவல் வந்துகீது. அந்தாண்டயிருந்து பைக்குல ரெண்டு பேரு, மடியில மூட்டை."

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு உள்ள சட்டத்தை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டேன். எங்கள் பத்திரிகையாக இருந்தால் மறுநாள் ஆறாம் பக்க மூலையில் சின்னதாகத் 'திருத்தம்' வெளியிட்டிருப்போம். ஆனாலும் அவருடைய தகவலில் ஓர் ஓட்டை இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள்ளேயே அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பைக்குகள் வந்தன. ஒன்றில் அரிசி மூட்டை, ஒன்றில் வாழைத்தார், ஒன்றில் இன்னதென்று தெரியாத ஒரு சிப்பம். மூன்றிலும் இரண்டு பேர், மடியில் மூட்டை. அதைச் சுட்டிக் காட்டினேன்.

"அவங்கள கேட்டா அவுத்துக் காட்டுவாங்க," என்றார்.

"காட்ட மாட்டேன்னு சொல்றது மட்டும் ஒரு காரணம் ஆயிடாது சார்."

யோசித்தார். யோசிக்கிற போலீஸ்காரரிடம் வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் செய்திகளில் அப்படி ஒருவர் வருவதில்லை. "அது மட்டும் இல்ல," என்றார். "நாலு கேள்விக்கு நாலு பதில். அதையும் சேத்துக்கோங்க."

கான்ஸ்டபிளுக்குப் பொறுமை குறைந்துகொண்டிருந்தது. "இன்னா சார் பேசிகினு. யோவ், ஸ்டேஷனுக்கு வா. அரசு ஊழியர வேலை செய்ய உடாம தடுத்தா ஒரு கேஸு கீது, தெரியுமில்ல?"

"கைதுன்னா அதுக்குக் காரணத்தைச் சொல்லணும். வீட்டாளு ஒருத்தருக்குத் தகவல் குடுக்கணும்," என்றேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "வீட்டாளு நீங்கதானே. எதிர்லயே நிக்கிறீங்க. தகவல் குடுத்தாச்சுன்னு எழுதிக்கலாமா?" பிறகு கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்து, "கைது எல்லாம் இல்ல. உடு. மூட்டைய பாத்தா முடிஞ்சது," என்றார்.

மாமா என்னைத் தடுப்பின் ஓரத்துக்கு இழுத்துப் போனார்.

"மச்சான், இத இங்க கண்டமேனிக்கு அவுத்தா போச்சு. இழைய ஒன்னு உட்டு ஒன்னு மாத்திக் கட்டிகீது. அந்தக் கட்டு கலைஞ்சா எது முன்ன, எது பின்னன்னு அந்த முருகனே வந்தாலும் சொல்ல முடியாது. வேற பாவு போட்டு, வேற சாயம் ஏத்தி... நாளு எங்க கீது? பொண்ணு கடைப் புடவை கட்டிகினு மணையில உக்காருவா. அவங்க அப்பன் நெசவாளி."

கடைசி வாக்கியத்தை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகூர்த்தத்துக்கு முப்பத்தாறு நாள் இருந்தது. பாவைத் தறியில் பிணைக்க மூன்று நாள், மூன்று புடவையும் நெய்து இறக்க முப்பது நாள் ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார்.

"உள்ள இருக்கிறது இன்னதுன்னு முதல்ல சொல்லுங்க மாமா," என்றேன்.

"சொல்லக் கூடாதே."

"சொல்லலைன்னா அவுப்பாங்க."

மாமா மூட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யிடம் போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவர் காதில் சொன்னார்.

"பட்டுப் பாவா?" என்றார் எஸ்.ஐ., ரோட்டின் அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி. "கல்யாணத்துக்கா? பொண்ணுக்கா?"

டீக்கடையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. பூக்காரம்மா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் எஸ்.ஐ.யின் நிலைமையையும் சொல்ல வேண்டும். தகவல் வந்திருக்கிறது, மூட்டையை நிறுத்தியாகிவிட்டது, பாவு என்று வண்டிக்காரர் சொல்கிறார். பாவுக்கு நடுவில் வேறு ஏதாவது சுருட்டி வைத்திருந்தால், விட்டுவிட்டதற்கு நாளைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியையும் நான்தான் திருத்துவேன்.

"கெடாம அவுக்குறதுக்கு வழியே இல்லியா?" என்று கேட்டார்.

மாமா கண்ணைத் திறந்தார். தொழில் கேள்வி என்றதும் குரலே மாறிவிட்டது. "ஒரு வழிதான் சார். நீளமா விரிக்கணும். இருவது மீட்டருக்கு மேல வரும். இந்தக் கோடில ஒருத்தர், அந்தக் கோடில ஒருத்தர், நடுவுல தாங்க ரெண்டு பேரு. தொய்வு உடக் கூடாது, தரையில படக் கூடாது. திருப்பிச் சுத்தி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கைய எடுக்கக் கூடாது."

எஸ்.ஐ. ரோட்டின் ஓரத்தை அளவெடுப்பதைப் போலப் பார்த்தார். "சோதனைக்கு எப்படியும் உள்ளூர்ல ரெண்டு பேரு சாட்சிக்கு வேணும். அவங்க நடுவுல தாங்கட்டும்."

சட்டத்தில் அந்த இரண்டு பேருக்கு ஓர் அடைமொழி உண்டு. அந்தப் பகுதியில் வசிக்கும் மதிப்பிற்குரியவர்களாக இருக்க வேண்டும். கான்ஸ்டபிள் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"நான் மதிப்பு மரியாத உள்ளவன்னு யாரு சார் உங்களுக்குச் சொன்னது?" என்றார் அவர், பாலை ஆற்றிக்கொண்டே. "ஒருவாட்டி சைக்கிள் திருட்டுக்கு சாட்சி நின்னேன். பதினோரு வாட்டி கோர்ட்டுக்கு அலைஞ்சேன். திருடன் என்னைப் பாத்து அண்ணே சாப்டியான்னு கேக்குற அளவுக்கு ஆயிடுச்சு. போன வாரம் நீங்களே என்னை இன்னான்னு திட்டினீங்க? அப்போ மரியாத இல்ல, இப்போ மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

பூக்காரம்மா எழுந்து சேலையை உதறினார்.

"நான் வரேன். பேரு எழுதத் தெரியும். ஆனா எதுலயும் எழுத மாட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா வர?"

"பட்டு பாக்க."

டீக்கடைக்காரருக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது போலும். அடுப்பைத் தணித்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இப்படியாக எங்கள் பகுதியின் மதிப்பிற்குரிய இருவர் கிடைத்தார்கள்.

மாமா உரச்சாக்கை அவிழ்த்தார். வேட்டியை அவிழ்த்தார். அக்காவின் புடவையை அவிழ்ப்பதற்கு முன் மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் அவராக இல்லை. கான்ஸ்டபிளின் லத்தியைக் கேட்டு வாங்கி, பாவின் முனையில் இருந்த வளையத்துக்குள் நுழைத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் புடிங்க. ஒடம்பைப் பின்னால சாச்சுக்கோங்க. ஆங். அப்படியே நில்லுங்க."

சுருளைத் தளர்த்தித் தளர்த்திப் பின்னோக்கி நடந்தார். ஏழு மீட்டருக்கு ஒருமுறை நின்று, இழைகளுக்கு நடுவே கோத்திருந்த மூங்கில் குச்சியைத் தூக்கிப் பூக்காரம்மாவிடம் ஒன்று, டீக்கடைக்காரரிடம் ஒன்று என்று கொடுத்தார். "அம்மா, ஒசத்திப் புடி. அண்ணே, நீங்க டீ ஆத்துற மாரி ஆட்டாதீங்க." மறுமுனையை எஸ்.ஐ. பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி சோதனையைப் படம் எடுக்கவும் வேண்டும். ஒரு கையில் பாவு, ஒரு கையில் கைப்பேசி என்று அவர் பட்ட சிரமத்தை மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், ரெண்டு கையாலயும் புடிங்க. படம் அப்புறம் எடுத்துக்கலாம்."

"படம் கட்டாயம் எடுக்கணும்."

"இழை அறுந்தா அதுவும் படத்துல வரும் சார்."

எஸ்.ஐ. கைப்பேசியைத் தடுப்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது மீட்டருக்கு மேல் மஞ்சள் பட்டு இறுகி நின்றது. சித்திரை வெயில் அதன் மேல் விழுந்தது. பேருந்தில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கைப்பேசியை நீட்டினார்கள். தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேர் போன ஒரு பைக், பட்டை வேடிக்கை பார்ப்பதற்காகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனது. அதை நிறுத்த அங்கே யாருக்கும் கை இல்லை. எஸ்.ஐ.க்குத் தகவல் சொன்னவர் சொன்ன அந்த உண்மையான இரண்டு பேரும் உண்மையான மூட்டையும் அந்த நேரத்தில் கடந்து போயிருந்தால், அவர்களுக்கு அதைவிட நல்ல முகூர்த்தம் கிடைத்திருக்காது.

மாமா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஒவ்வொரு முழத்தையும் தட்டிக் காட்டினார். நடுவில் ஒன்றும் இல்லை. பட்டுத்தான் இருந்தது. அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. மகள். எங்களுக்கெல்லாம் கேட்டது.

"நைனா, எங்க வந்துகினு கீற? நல்ல நேரம் போயிடும்."

"ரோட்டுலதாம்மா கீறேன்."

"பாவ யாரும் பாக்கலியே?"

மாமா வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் அப்போதுதான் கடந்து போனார்கள். "பாத்து ஓட்டிகினு வரேம்மா," என்று வைத்துவிட்டார்.

அவர் சுருட்டத் தொடங்கப்போகும் நேரத்தில் பூக்காரம்மா சொன்னார்.

"ஏம்பா, இங்க ஏன் வெளுத்துக் கெடக்குது?"

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணால் காட்டினார். கை இரண்டும் குச்சியில் இருந்தன. அவருக்கு முன்னால், குறுக்குவாட்டில், ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் கொஞ்சம் நீர்த்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அவர் நின்ற பக்கத்திலிருந்து, வெயில் சாய்ந்து விழும் கோணத்தில் பார்த்தால் மட்டும் தெரியும். சாமந்தியில் முந்தின நாள் பூவையும் இன்றைய பூவையும் கூடையைக் கிளறாமலே பிரித்துச் சொல்கிற கண் அது.

மாமா குனிந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் வந்து பார்த்தார். பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாயத் தொட்டியில் முக்கும்போது பாவை நடுவில் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு இறுக்கமாக இருந்த இடத்தில் சாயம் ஏறவில்லை. தெருவில் விரித்து உலர்த்தியிருந்தால் சாயக்காரரே பார்த்திருப்பார். தெருவில் விரிக்க வேண்டாம் என்று சொன்னவர் மாமா. தறியில் ஏற்றியிருந்தால், இரண்டாவது புடவையில் முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால், நெய்து அங்கே போய்ச் சேரும்போதுதான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

"ஒளிச்சுக் கட்டுறேன்னு நானே ஒழிச்சுட்டேன் மச்சான்," என்றார்.

லத்தியைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் கேட்டார். "திருப்பிச் சாயம் ஏத்த முடியாதா?" அவர் குரலில் அரசு ஊழியரின் வேலை எதுவும் இல்லை.

"ஏத்தலாம். மூணு நாளு ஆவும்."

"மூணு நாளு இருக்குது இல்ல?"

மாமா விரல் விட்டு எண்ணினார். "இருக்குது. அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல."

சுருட்டி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. எஸ்.ஐ. ஒரு காகிதத்தில் எழுதினார்: இன்ன வண்டி, இன்ன இடம், சோதனையில் ஒன்றும் கைப்பற்றப்படவில்லை. நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். பூக்காரம்மா போடவில்லை. நாங்கள் ஊரைப் பார்த்துப் போகாமல் வந்த வழியே நகரிக்குத் திரும்பியபோது, கான்ஸ்டபிளின் கை பழக்கத்தில் மறுபடி உயர்ந்து, பாதியில் இறங்கிவிட்டது. அப்போதும் என் தலையில் கவசம் இல்லை. ஒரே குற்றத்துக்கு ஒரே நாளில் இரண்டு முறை அபராதம் போடலாமா என்ற சட்டக் கேள்வியை அவர் எழுப்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

சாயக்காரர் அந்தக் கட்டைப் பார்த்ததும் தெலுங்கில் தன்னையே திட்டிக்கொண்டார். கட்டை இடம் மாற்றிப் போட்டு மறுபடி முக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டுமானால் இந்தமுறை தெருவில் விரித்துக் காட்டுகிறேன் என்றார். மாமா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா வீடு. "இல்ல, சுருட்டியே குடுங்க," என்றார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மறுபடி அவர் பின்னால் உட்கார்ந்தேன். இம்முறை தலைக்கவசத்தோடு. மடியில் அதே மூன்று அடுக்கு மூட்டை. வளைவில் அதே தடுப்பு. கான்ஸ்டபிள் தூரத்திலேயே எங்களை அடையாளம் கண்டு, போங்க போங்க என்று வேகமாகக் கையை ஆட்டினார். மாமா அவருக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டார்.

"சார், ஒருவாட்டி சோதனை போட்டுடுங்க."

கான்ஸ்டபிள் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. வந்தார்.

"காரணம் இல்லாம சோதனை போடக் கூடாதே. உங்க மச்சான்தானே சொன்னாரு."

"எனக்குச் சந்தேகமா கீது சார்," என்றார் மாமா. "திட்டு போச்சா இல்லியான்னு."

"உங்க தெருவுல விரிச்சிப் பாருங்களேன்."

"அங்க எல்லாம் புதுக் கண்ணு. நீங்க ஏற்கனவே பாத்தவங்க. பாத்த கண்ணால இன்னொருவாட்டி பாத்தா இன்னா ஆயிடப் போவுது?"

சோதனைக்கு உட்படாமல் இருக்க ஒரு குடிமகனுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று அந்த மூன்று நாளில் நான் படித்துத் தெளிந்திருந்தேன். சோதனை செய்யச் சொல்லிக் கேட்கிற உரிமை எந்தப் பிரிவிலும் கண்ணில் படவில்லை. எஸ்.ஐ.யும் அதைத்தான் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்தார்.

பூக்காரம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஏற்கனவே பாதி ரோடு வந்திருந்தார். டீக்கடைக்காரர் மட்டும், "கையெழுத்து உண்டா?" என்று அங்கிருந்தே கேட்டு, இல்லை என்றதும் வந்தார்.

மறுபடி லத்தி, மறுபடி மூங்கில் குச்சிகள். இந்தமுறை பூக்காரம்மாவின் குச்சியை என்னைப் பிடிக்கச் சொன்னார் மாமா. அந்த அம்மாவின் கண் மட்டும் போதும் என்றார். பூக்காரம்மா இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். பிறகு எதிர்ப்பக்கம் மாறி, திரும்பி நடந்தார். திட்டு இருந்த இடத்தில் நின்று, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ.யும் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் அவர் மூன்றாம் முறையும் ஒரு நடை நடந்தார்.

"ஆங்," என்றார். "இப்போ ஒரே பூ."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எஸ்.ஐ.யின் முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினார். பத்தடி மிச்சம் இருந்தபோது, மறுமுனையில் லத்தியோடு சாய்ந்து நின்ற கான்ஸ்டபிள் மெதுவாகக் கேட்டார்.

"சார், மூக்கு நமநமங்குது. ஒரு கைய எடுத்துக்கலாமா?"

அவர் கேட்டது எஸ்.ஐ.யிடம் இல்லை. மாமா நிமிராமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"இரு," என்றார். "சொல்றேன்."